கேள்வி-பதில்: தவக்காலத்தில் விட்டால் போதுமா?

பேசாலையிலிருந்து வந்த குடி பற்றிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நான் ஒருநாளும் தனியக் குடிச்சதில்லை. கூட்டாளிமாரோடு மட்டும்தான். அப்போ நான் குடிகாரன் இல்லைத்தானே?

கூட்டாளிமார் வராத அன்று என்ன செய்கிறீர்கள்? வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டால் நல்லது. வேறு கூட்டாளி தேடித் தவறணைப் பக்கம் நடந்தால், உங்களுக்கு வேண்டியது கூட்டாளி இல்லை. ஆறு பேர் வட்டமாக இருந்து குடிக்கும்போது அதில் ஒருவர் குடிநோயாளியாக இருக்கலாம். மற்ற ஐந்து பேரும் எழும்பிய பிறகும் அவர் போத்தலில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பனங்கள்ளு உடம்புக்குக் குளிர்மை. சாராயமும் கசிப்பும்தானே ஆளை அழிக்குது?

கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. அதனால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கள்ளு, பியர், சாராயம் மூன்றையும் கணக்குப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்விப் படிவத்தில் 10 கிராம் மதுசாரம் ஓர் அலகு. 5 வீதமுள்ள கள்ளு 750 மில்லிலீற்றர் குடித்தால் 3 அலகு. காரமான பியர் பெரிய போத்தல் ஒன்று 4 அலகைத் தாண்டும். கால் போத்தல் சாராயம் கிட்டத்தட்ட 5 அலகு. ஆக, இரண்டு போத்தல் கள்ளுக் குடித்தவர் கால் போத்தல் சாராயக்காரரை முந்திவிட்டார். போதாததற்கு, இறக்கிய கள்ளு முட்டிக்குள் இருக்க இருக்கப் புளித்துக்கொண்டே போகும். காலைக் கள்ளும் மாலைக் கள்ளும் ஒன்றில்லை. பனையிலிருந்து வந்ததா தென்னையிலிருந்து வந்ததா என்று ஈரல் கேட்பதில்லை.

கடலில குளிர். சூடேற்றக் கொஞ்சம் எடுத்தால் என்ன?

மதுசாரம் தோலுக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் தோல் சூடாகத் தெரியும். உள்ளே இருக்கும் உடம்பின் சூடோ வெளியே போய்க்கொண்டிருக்கும். வாடைக்காற்றில் வள்ளத்தில் நிற்பவருக்கு இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. சுடச்சுடப் பிளேன்டீ ஒரு போத்தல் கொண்டுபோங்கள்.

என் கணவர் எவ்வளவு குடிச்சாலும் தள்ளாடமாட்டார். சம்மாட்டி கூட "நல்லாத் தாங்குற ஆள்" என்று மெச்சுவார். ஆனால் விடிய வலை பொத்த இருந்தால் கை நடுங்குது, கண்ணிக்குள்ள நூல் போகாது. கொஞ்சம் உள்ளே போனதும் கை நின்றுவிடும். இது என்ன?

தங்கச்சி, உங்கள் கண் பெரிய வைத்தியரின் கண். அந்த இரண்டு அடையாளங்களையும் வைத்தியரிடமும் இப்படியே சொல்லுங்கள்.

தாங்குவது பலமில்லை. அரைக்கால் போத்தலில் வந்த வெறிக்கு இப்போது அரைப் போத்தல் தேவைப்படுகிறது என்றால், மூளை அந்தச் சாமானுக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டுவிட்டது. அப்படி மாறிய மூளைக்கு இரவு முழுக்கச் சாராயம் கிடைக்காமல் போனால் விடியும்போது அது பதறும். அந்தப் பதற்றம்தான் கையில் தெரிகிறது. காலையில் குடிக்கும் அந்த வாய் ருசிக்கோ கூட்டாளிக்கோ அல்ல, கை நிற்பதற்கு மருந்தாகப் போகிறது. திருநாளன்று குடிப்பவருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதற்குள் இருக்கிறது. மெச்சுகிற சம்மாட்டிக்கும் இதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

நான் ஒவ்வொரு வருஷமும் தவக்காலம் நாற்பது நாளும் தொடமாட்டேன். அடிமையான ஆளால் அப்படி விட ஏலுமா?

ஏலும். ஜெல்லினெக் என்ற ஆய்வாளர் 1960இல் எழுதிய நூலில் குடிநோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்தார். ஒரு வகையினரால் ஒரு நாள் கூட விட முடியாது. இன்னொரு வகையினர் வாரக்கணக்காக விடுவார்கள். முதல் கிளாஸ் கைக்கு வந்தால் நிறுத்துவது மட்டும் அவர்களால் முடியாது. ஆகவே நாற்பது நாளைப் பற்றி நான் கேட்கவில்லை. உயிர்த்த ஞாயிறு பகல் பூசை முடிந்த பிறகு எத்தனை மணிக்கு முதல் போத்தல் திறந்தது, அது எந்தக் கிழமை முடிந்தது? தவக்காலத்தில் அந்தக் காசு வீட்டுக்கு வந்ததா, வாடிக்குள் சேர்த்துவைக்கப்பட்டதா? நாற்பது நாளும் மனம் இலேசாக இருந்ததா, நாட்காட்டியில் நாளை வெட்டிக்கொண்டிருந்தீர்களா? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் மனைவியை உங்கள் முன்னால் பதில் சொல்ல விடுங்கள். உங்கள் விரதத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. அது உண்மையான பலம். அந்தப் பலத்தோடு வைத்தியரிடம் போகிறவர் மற்றவர்களைவிட முன்னால் நிற்கிறார்.

அண்ணன் மடு மாதாவுக்கு நேர்ந்து, ஒரே நாளில் குடியை விட்டார். மூன்றாம் இரவு சுவரில் பூச்சி ஊருது என்று தட்டுகிறார், செத்துப்போன அப்புவோடு கதைக்கிறார், வேர்த்துக் கொட்டுது. செய்வினை என்கிறார்கள். கழிப்புக் கழிக்கலாமா?

இந்தப் பத்தியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். இது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை, மாதாவின் கோபமும் இல்லை. நெடுநாள் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று மதுசாரம் இல்லாமல் போனதால் படும் பாடு. முதல் நாளே நடுக்கமும் வேர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் இப்படி இடம், காலம், ஆள் தெரியாத குழப்பம் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் ஆள் சாகிறார்.

உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், "இவர் தினமும் குடித்தவர், இன்ன நாள் விட்டார்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெட்கத்தில் அதை மறைத்து "காய்ச்சல்" என்று சொன்னால் வைத்தியர் வேறு வழியில் தேடிக்கொண்டிருப்பார். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மாத்திரை இருக்கிறது. தயமின் என்ற விற்றமின் ஊசி மூளையைக் காப்பாற்றும். சில நாள் கட்டிலில் கிடந்து தாண்டிவிட்டால், மடுவுக்குப் போய் நேர்த்தியைத் தாராளமாகத் தீர்க்கலாம். நாள்தோறும் குடிப்பவர் நேருகிற அன்றே வைத்தியரையும் கண்டுவிட வேண்டும். பங்குத் தந்தையர் இதைப் பீடத்திலிருந்து ஒரு தடவை சொன்னால், ஓர் உயிராவது மிஞ்சும்.

நானே என்னைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஜோன் யூவிங் என்ற அமெரிக்க மனநல வைத்தியரின் நான்கு கேள்விகள், 1984இல் மருத்துவ இதழில் வந்தவை, இன்றைக்கும் வைத்தியர்கள் கேட்பவை. குடியைக் குறைக்க வேண்டுமென்று எப்போதாவது பட்டதா? உங்கள் குடியைப் பற்றி யாராவது கதைத்தால் கோபம் வந்ததா? குடித்ததற்காக மனம் குறுகுறுத்ததா? எழும்பியவுடன் உடம்பு நிலைக்க முதலில் அதைத்தான் தேடினீர்களா? இரண்டுக்கு "ஓம்" என்றால் வைத்தியரைப் பாருங்கள். இந்தக் கேள்விகளைப் படித்ததுமே என் மேல் கோபம் வந்திருந்தால், இரண்டாவதுக்குப் பதில் எழுதியாகிவிட்டது.

மச்சானின் தவறணைக் கடனை நான் கட்டலாமா? அக்காவைப் பார்க்கப் பாவமாயிருக்கு.

அக்காவுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகளின் ரியூசன் காசைக் கொடுங்கள். தவறணைக் கடன் மச்சானுடையது.

அப்பா குடித்துவிட்டு வந்தால் மோட்டார்சைக்கிள் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் படித்துக்கொண்டிருப்பது போல இருப்பேன். நான் நல்லாப் படித்தால் அப்பா விடுவாரா? (பள்ளி மாணவி)

மகள், உன் மதிப்பெண்ணால் அப்பா குடிக்கத் தொடங்கவில்லை, அதனால் விடவும் மாட்டார். உனக்காகப் படி. போத்தலை ஒளிப்பதும் ஊற்றிவிடுவதும் உன் வேலை இல்லை. நீ நம்புகிற ஒரு பெரிய ஆளிடம், மாமியோ வகுப்பாசிரியரோ சிஸ்டரோ, எனக்கு எழுதியதை அப்படியே சொல். இரவில் பயமாக இருந்தால் எந்த வீட்டுக்குப் போவது என்று அம்மாவோடு பகலிலேயே பேசி முடிவு செய்துகொள்.

இந்தக் குடி வருத்தமா, கொழுப்பா?

வருத்தம். குடிநோய் வருவதில் ஏறத்தாழப் பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் குடிக்கும் ஆசையைக் குறைக்கின்றன. விட்டவர் மறுபடி விழுவதும் உண்டு. நீரிழிவுக்காரருக்குச் சீனி மறுபடி கூடுவதில்லையா? ஆனால் வருத்தம் என்பது மனைவியை அடிக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டு இல்லை. அடிக்கு வைத்தியசாலை மட்டும் போதாது, பொலிஸும் வேண்டும்.

மன்னார் வைத்தியசாலை மனநலப் பகுதிக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்?

குடித்தவர் ரோட்டோரம் விழுந்து கிடந்ததை ஊர் முன்பே பார்த்துவிட்டது. முதலில் போனில் கதைக்க விரும்பினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள். நேரே போக விரும்பினால் வயிற்றெரிவு, நித்திரையின்மை என்று சொல்லி வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுங்கள். வைத்தியரின் முன்னால் இருந்ததும் குடியைச் சொல்லுங்கள், எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியாக எப்போது என்று. மனைவியும் கூடப் போனால் கணக்குச் சரியாக வரும்.