வேட்டைக்குப் போகாத வேட்டைக்காரர்

ஆகஸ்ட் 31 நள்ளிரவோடு டெக்ஸாஸில் வேட்டை உரிமங்கள் காலாவதியாகின்றன. மறுநாள், செப்டம்பர் 1, மாநிலத்தின் பெரும்பகுதியில் புறா வேட்டை தொடங்குகிறது. அதனால் ஆகஸ்ட் கடைசியில் வால்மார்ட்டில் தூண்டிலும் கூடாரமும் விற்கும் மூலையில் ஒரு வரிசை நிற்கும். இலைதழை அச்சிட்ட சட்டை, சேறு காய்ந்த பூட்ஸ், தொப்பியில் பறக்கும் வாத்து. அந்த வரிசையில், தயிர் டப்பாவும் கொத்தமல்லிக் கட்டும் கிடக்கும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி, இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் நின்றால் அவர் அநேகமாக மென்பொருள் வேலைக்காரர். அவருக்குப் புறா வேண்டாம். மான் வேண்டவே வேண்டாம். கோழிக்கடையில்கூட வெட்டும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற சாது. அவருக்கு வேண்டியது வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி. அதற்கு அமெரிக்கச் சட்டம் காட்டும் வழி: முதலில் வேட்டைக்காரர் ஆகிவிட்டு வாருங்கள்.

டாலஸுக்குப் பக்கத்தில், இர்விங்கில் இருக்கும் அப்படி ஒரு எச்-1பி விசாக்காரரை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், பெயரால் வரும் தொல்லை பின்னால் காத்திருக்கிறது. வங்கி அவரை நம்பி முப்பது வருஷத்துக்கு வீட்டுக் கடன் கொடுத்திருக்கிறது. குடியேற்றத் துறை ஒரு தடவைக்கு மூன்று வருஷத்துக்கு மேல் நம்புவதில்லை. துப்பாக்கிச் சட்டம் அந்த அளவுக்குக்கூட நம்பவில்லை. கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பில் 18ஆம் தலைப்பு, 922ஆம் பிரிவில், யாரெல்லாம் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பெருங்குற்றம் செய்து தண்டனை பெற்றவர், போலீசுக்குத் தப்பி ஓடுபவர், போதைப் பழக்கம் உள்ளவர், ராணுவத்திலிருந்து அவமானப்படுத்தி அனுப்பப்பட்டவர். இந்தப் பெரிய மனிதர்களுக்கு நடுவே, தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டவருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏப்ரல் 15 வருவதற்குள் வருமான வரிக் கணக்கைக் கொடுத்துவிடுகிற மனிதருக்கு இப்படி ஒரு சகவாசம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. அவர் குடிமகனைப் போலவே நேராகக் கடைக்குப் போகலாம். அடுத்த கியூபிக்கிளில் உட்கார்ந்திருக்கும் கிரீன் கார்டுக்காரர் ஆபத்தில்லாதவர், எச்-1பிக்காரர் ஆபத்தானவர் என்று வாஷிங்டன் முடிவு செய்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

ஒரு காலத்தில் இந்தக் கெடுபிடி எதுவும் இல்லை. கென்னடியைக் கொன்ற துப்பாக்கியை 1963இல் ஆஸ்வால்ட் சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபாலில் தருவித்தார். தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19.95 டாலர், தபால் செலவு தனி. அதன் பிறகு 1968இல் வந்த சட்டம் தபால் வியாபாரத்தை நிறுத்தியது. ஆனாலும் முறையான விசாவில் வந்தவருக்குத் தனித் தடை ஏதும் இல்லை. 1997 பிப்ரவரியில் அலி அபு கமல் என்ற 69 வயது பாலஸ்தீன ஆசிரியர் புளோரிடாவின் மெல்போர்ன் நகரில் ஒரு மோட்டலில் தங்கினார். அந்த முகவரியைக் கொடுத்து மாநில அடையாள அட்டை பெற்றார், அட்டையைக் காட்டி பெரெட்டா ஒன்று வாங்கினார், நியூயார்க் போய் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86ஆவது மாடியில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டார். ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள், தன்னையும் சுட்டுக்கொண்டார். நாடே அதிர்ந்தது. 1998 அக்டோபரில் புதிய தடை சட்டமாயிற்று.

அமெரிக்காவில் துப்பாக்கித் தடை என்று ஒன்று வந்தால் கூடவே விலக்கும் வரும். தூதரக அதிகாரிகளுக்கு விலக்கு, அலுவல் நிமித்தம் வரும் வெளிநாட்டுப் போலீசுக்கு விலக்கு. கூடவே வேட்டைக்காரர்களுக்கும். மொன்டானாவுக்கும் அலாஸ்காவுக்கும் காசைச் செலவழித்து வேட்டையாட வரும் ஜெர்மானியரையும் ஸ்பானியரையும் விமான நிலையத்தில் நிறுத்தினால், வழிகாட்டிகள், விடுதிக்காரர்கள், கொம்பைப் பாடம் செய்து சுவரில் மாட்டித் தருபவர்கள் எல்லோருடைய பிழைப்பும் கெடும். அந்தச் சீமான்கள் தங்கள் துப்பாக்கியைக் கொண்டுவருவதற்கென்றே 6என்ஐஏ என்று ஒரு தனிப் படிவமும் இருக்கிறது. அவர்களை மனத்தில் வைத்து எழுதிய விலக்கு, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் போதும் என்கிறது. எந்த மாநிலமானாலும் சரி. உரிமத்தை வாங்கிய பிறகு வேட்டைக்குப் போயே தீர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. ஐரோப்பியச் சீமானுக்காகத் திறந்து வைத்த கதவில் இர்விங்காரர் பக்கவாட்டில் நுழைவது இப்படித்தான். மீன்பிடி உரிமம் செல்லாது. சட்டத்தின் கண்ணில் மீன் பிடிப்பவர் வேட்டைக்காரர் இல்லை, அவர் எவ்வளவு பெரிய மீனைப் பிடித்தாலும்.

விசாவே இல்லாமல் வருபவர் கதை இன்னும் வேடிக்கை. தடை என்பது விசாவில் வந்தவருக்குத்தான் என்று 2011இல் அமெரிக்க அரசின் நீதித் துறை புரிந்துகொண்டது. பிரிட்டிஷ்காரரும் ஜப்பானியரும் விசா விலக்குத் திட்டத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு விசா கிடையாது, ஆகவே தடையும் கிடையாது. குடியிருக்கும் மாநிலம் என்று ஒன்று இல்லாததால் அவர்கள் கடையில் வாங்கிக்கொண்டு போவது கடினம், ஆனால் லாஸ் வேகாஸில் வாடகைத் துப்பாக்கியை எடுத்து மனம்போல் சுடலாம். தூதரகத்தில் கைரேகை பதித்து, நேர்காணலில் பதில் சொல்லி, சரிபார்க்கப்பட்டு விசா வாங்கி வந்த இந்தியர் அதே இடத்தில் அதே துப்பாக்கியை ஒரு நிமிஷம் கையில் வாங்கினாலும் வேட்டை உரிமம் இல்லையென்றால் குற்றம். அதிகமாகச் சோதிக்கப்பட்டவர் மீதுதான் அதிகச் சந்தேகம்.

டெக்ஸாஸில் ஆறு மாதத்துக்கு மேல் குடியிருப்பவருக்கு வேட்டை உரிமம் 25 டாலர். 1971 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதன் பிறகோ பிறந்தவர் வேட்டையாட வேண்டுமானால் ஒரு பாதுகாப்புப் பாடமும் முடிக்க வேண்டும். முதல் நாள் பிறந்தவர் பிறவி ஞானி போலிருக்கிறது. பதினேழு வயது நிரம்பியவர்கள் பாடத்தை இணையத்திலேயே படிக்கலாம். நம்மவருக்கு இது கைவந்த கலை. அலுவலகத்தில் வருஷம் தவறாமல் தகவல் பாதுகாப்புப் பயிற்சி எடுத்துப் பழகிய விரல். ஆனால் பாடம் அப்படி மேலோட்டமாகத் தட்டிவிட்டுப் போகிற பாடம் இல்லை. குழலை யார் பக்கமும் நீட்டாதே, சுட முடிவு செய்யும்வரை விசையில் விரல் வைக்காதே, குறிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார், கம்பிவேலியைத் தாண்டும்முன் குண்டுகளை எடுத்துவிடு. மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போது உடம்பு முழுவதையும் பிடிக்கும் வார் கட்டிக்கொள். பொது நிலத்தில் வேட்டையாடுகிறவர் உடம்பில் குறைந்தது 400 சதுர அங்குலம் பளீரென்ற ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும், மார்பிலும் முதுகிலும் 144 வீதம். மானுக்கு அந்த நிறம் அவ்வளவாகத் தெரியாது. மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இதுவரை கடப்பாரை கூடப் பிடிக்காத கைக்கு இது உருப்படியான பாடம்தான். சுற்றி வளைத்த இந்தச் சட்டத்தில் பயனுள்ள பகுதி எது என்றால் இதைச் சொல்லலாம்.

உரிமத்தோடு மான், வான்கோழிகளின் மீது கட்டவேண்டிய சீட்டுகளும் வரும். அவற்றை அவர் காப்பீட்டுக் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிடுவார்.

இனி கடை. கைத்துப்பாக்கியைக் கடைக்காரரிடம் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், குடியிருக்கும் மாநிலத்திலேயே வாங்க வேண்டும். கலிபோர்னியாவாக இருந்தால் பத்து நாள் காத்திருக்கச் சொல்வார்கள். டெக்ஸாஸில் அந்தப் பேச்சே இல்லை. கவுன்ட்டரில் நிற்பவருக்கு விசா விதி தெரிந்திருந்தால் அதிர்ஷ்டம். தெரியாவிட்டால் விளக்கிச் சொல்ல வேண்டும், வேட்டை உரிமத்தின் நகலை அவர் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து. பிறகு 4473 என்ற படிவம்.

உயரம், எடை, இனம் எல்லாம் கேட்கும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் அமெரிக்கர் என்றால் ஊரையும் மாநிலத்தையும் எழுத வேண்டும், மற்றவர்கள் நாட்டை எழுதினால் போதும். திருநெல்வேலியா தென்காசியா என்ற விசாரணைக்கு இடமே இல்லை. பெயர்க் கட்டம்தான் தமிழனைப் பார்த்துச் சிரிக்கிறது. குடும்பப் பெயர், முதற்பெயர், நடுப்பெயர் என்று மூன்று கேட்கிறார்கள். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் முதலெழுத்தும். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா குடும்பப் பெயராகியிருப்பார். விசாவில் முதற்பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் மூன்றெழுத்து இருந்தாலும் இருக்கும். நல்லவேளை, படிவத்தை எழுதியவர் யோசித்திருக்கிறார். பெயரில் வெறும் முதலெழுத்துதான் உண்டு என்றால் அதன் பக்கத்தில் ‘ஐஓ’ என்று போட வேண்டும் என்று குறிப்புரை சொல்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் ஓர் ஆவணத்திலாவது இனிஷியலுக்கு ஒரு மரியாதை.

அடுத்து ஆமாம், இல்லை கேள்விகள். நீங்கள் தப்பி ஓடும் குற்றவாளியா? கவுன்ட்டரில் பேனாவோடு நின்று ஆமாம் என்று எழுதும் தப்பியோடியை நினைத்துப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. கஞ்சா பயன்படுத்துகிறீர்களா? மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அது குற்றம் என்று கேள்விக்குக் கீழேயே எச்சரிக்கை இருக்கிறது. கொலராடோவில் ரசீது கொடுத்து விற்கும் சரக்காக இருந்தாலும் பேச்சில்லை. தற்காலிக விசாவில் வந்தவரா? ஆமாம். விலக்கு உண்டா? ஆமாம். குடியுரிமைக் கட்டத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும். அவசரத்தில் அமெரிக்கக் குடிமகன் என்று குறித்துவிட்டால் அது குடியுரிமை பற்றிய பொய். வேட்டை உரிமம் எத்தனை இருந்தாலும் கிரீன் கார்டுக் கனவு அங்கேயே முடிந்துபோகலாம்.

கடைக்காரர் விவரங்களை எஃப்பிஐக்கு அனுப்புகிறார். மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கும் அந்தச் சரிபார்ப்பு மையம் 1998 நவம்பர் 30 முதல் இயங்குகிறது. ‘கொடுக்கலாம்’, ‘பொறுங்கள்’, ‘கூடாது’ என்று மூன்று பதில்கள். குடிமகனுக்குப் பல நேரம் சில நிமிஷங்களில் பதில் வந்துவிடும். வெளிநாட்டவர் என்றால் குடியேற்றப் பதிவுகளையும் புரட்ட வேண்டும்; பொறுங்கள் என்று வருவதில் ஆச்சரியமில்லை. மூன்று வேலை நாளில் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்பது விதி. கொடுத்த பிறகு ‘கூடாது’ என்று வந்தால் ஆயுதத் துறை ஆட்கள் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பெயர்க் குழப்பத்தால் அடிக்கடி மாட்டிக்கொள்பவர்கள் விண்ணப்பித்தால் எஃப்பிஐ தனி அடையாள எண் ஒன்று தரும்.

இத்தனை எதற்கு, கிரீன் கார்டு உள்ள மச்சானை வாங்கித் தரச் சொன்னால் என்ன என்று தோன்றும். அந்த ஆசையை புரூஸ் அப்ராம்ஸ்கியின் கதை தீர்த்துவிடும். முன்னாள் போலீஸ்காரரான அவர், போலீசுக்கான தள்ளுபடி கிடைக்குமே என்று மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கினார். மாமா கொடுத்த 400 டாலர் காசோலையிலேயே துப்பாக்கிக்கு என்று எழுதியிருந்தது. மாமாவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்தான். ஆனால் உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுதியது பொய் என்று வழக்கு. 2014இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. சொந்தங்களுக்குள் கைமாற்று என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது.

துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. வந்த பிறகும் விசா விடாது. மனைவி எச்-4 விசாவில் இருக்கிறார். அதுவும் தற்காலிக விசாதான், அவரிடம் வேட்டை உரிமம் இல்லை. ஆகவே இரும்புப் பெட்டியின் ரகசிய எண் அவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது என்கிறது சட்டம். சட்டம் சொல்லிவிட்டுப் போய்விடும். வீட்டில் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். இன்னொரு 25 டாலர் கட்டி அவரையும் வேட்டைக்காரி ஆக்குவது மலிவான சமாதானம்.

அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹமீத் ரெஹைஃப் உதாரணம். அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் வந்தவர். மதிப்பெண் போதாமல் கல்லூரி வெளியேற்றியது, விசா நிலையும் போயிற்று. அவர் ஓட்டலில் தங்கிக்கொண்டு, துப்பாக்கி பயிலும் கூடம் ஒன்றில் வாடகைக்கு எடுத்துச் சுட்டார். அதற்கே பதினெட்டு மாதச் சிறை. தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதுவும் அதே புளோரிடா மெல்போர்னில்தான் நடந்தது. அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

நண்பர்கள் சும்மா விடுவார்களா? உரிமம் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, ஒரு தடவை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவோம் என்பார்கள். டெக்ஸாஸில் பன்றி பயிரை நாசம் செய்யும் எதிரி. 2011 முதல் ஹெலிகாப்டரிலிருந்தும், 2017 முதல் வெப்பக்காற்று பலூனிலிருந்தும் அதைச் சுட அனுமதி உண்டு. 2019 முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால், தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமமே தேவையில்லை. உண்மையாகவே வேட்டைக்குப் போகிறவருக்கு உரிமம் வேண்டாம்; வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மவருக்குத்தான் கட்டாயம்.

நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பினால் இந்தியாவில் பிறந்தவர்களின் கிரீன் கார்டு வரிசை நகரவே நகராது. அதுவரை ஒவ்வோர் ஆகஸ்டிலும் 25 டாலர். என்றைக்காவது கார்டு வந்து சேர்ந்தால் அன்று முதல் அவர் வேட்டைக்காரராக இருக்க வேண்டியதில்லை. வீடு மாறினால் பத்து நாளைக்குள் புது முகவரியை அரசுக்குத் தெரிவிக்கும் ஏஆர்-11 படிவத்தை மட்டும் அப்போதும் அனுப்பியாக வேண்டும். அதற்கு மான் சீட்டைக் காட்டி விலக்கு கேட்க முடியாது.