பல் பிடித்துப் பார்க்கும் அண்ணாச்சி

எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு ஒரு சனிக்கிழமை விடியக்காலம் அண்ணாச்சியோடு போய்ப் பார்க்க வேண்டும். வியாபாரி சொல்லும் ஒரு சொல்லையும் காதில் வாங்க மாட்டார். நேராக ஆட்டின் வாயைத் திறப்பார். கீழ்த்தாடையில் கட்டைவிரலை விட்டு, ரெண்டு பல்லா நாலு பல்லா என்று எண்ணுவார். முதுகெலும்பில் விரலை ஓட்டுவார். வாலடியில் கொழுப்பைக் கிள்ளிப் பார்ப்பார். கடைசியில் ஆட்டை ஒரு தூக்குத் தூக்கி இறக்கிவிட்டு, "உயிர் எடை பதினெட்டு. கறி எட்டரை நிக்கும்" என்பார். நிற்கும். மிளகாய் வத்தல் வாங்கினாலும் மூட்டைக்குள் முழங்கை வரை கை போகும், அடியில் தண்ணி தெளித்திருக்கிறானா என்று.

இதே கைதான், ஊரில் புதிதாகக் கண்ணாடி மாட்டித் திறந்திருந்த ஒரு ஜிம்மில், ஒப்பந்தத்தை நீட்டிய பிள்ளை பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொடுத்த ஆறு இடத்திலும் கையெழுத்துப் போட்டது. போடுவதற்கு முன் அண்ணாச்சி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "நீல மையா, கறுப்பு மையாம்மா?"

அண்ணாச்சியின் கையெழுத்து சாமானியப்பட்டதல்ல. முதலெழுத்து தேர் மாதிரி எழும்பும். கடைசி எழுத்து வடம் மாதிரி இழுபட்டுத் தாளின் ஓரம் வரை போகும். கீழே ரெண்டு கோடு, ரெண்டு புள்ளி. அதைப் போட்டு முடித்து, பேனாவை மூடி, ஒரு கணம் எட்டி நின்று ரசிப்பார். கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருப்பது என்னவோ அவருக்கு ஓரத்தில் போடும் பூவேலை மாதிரிதான்.

இத்தனைக்கும் ஏமாளி இல்லை. சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர். பதினாலு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் ரெண்டு ரூபாய் ஆகும் வரை குளோரேட், மெழுகு, அட்டை என்று பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தவர். தினசரிப் பேப்பரில் டெண்டர் விளம்பரம், கண்ணீர் அஞ்சலி எதையும் விட மாட்டார். ஒப்பந்தத்தை மட்டும் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை எதிர்த்தாப்புல உக்காந்திருக்கு. நான் வாசிச்சா, உன்னைய நம்பலம்மான்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிரும்லா?"

ஆடு வியாபாரியின் முகத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஜிம்முக்குப் போனது பதினோரு நாள். ஓடும் மெஷினில் செருப்போடு ஏறிய நாளையும் சேர்த்து. பன்னிரண்டாம் நாள் முழங்கால் பேச ஆரம்பித்தது. அண்ணாச்சி ஜிம் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் மாதம் 999 ரூபாய் ஆட்டோபேயில் தானாகப் போய்க்கொண்டிருந்தது. காசு எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியும் மாதம் தவறாமல் வந்தது. லோன் விளம்பரம் என்று நினைத்து மாதம் தவறாமல் அழித்தார்.

ரத்து செய்யப் போன கதைக்கு வருகிறேன். மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்கி நடந்தவர்களுக்கு இது புரியும். முதல் அடியில் செருப்போடு கால் கிலோ மண் ஏறும். உதறுவதற்காக அடுத்த அடி வைத்தால் அரைக் கிலோ.

முதல் முறை போனபோது ஜிம் மாஸ்டர் பையன், "உங்களைப் பார்த்துத்தான் நாலு பெரியவங்க சேந்துருக்காங்க அண்ணாச்சி, நீங்களே நிப்பாட்டினா எப்படி?" என்றான். அண்ணாச்சி ஒரு புரோட்டீன் டப்பாவோடு திரும்பி வந்தார். அடுத்து, 2025 செப்டம்பரில் ஜிம்முக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததைப் பேப்பரில் வாசித்துவிட்டு, வரியையும் கேட்டு வாங்கி ஜிம்மையும் முடித்துவிடுவதாகக் கிளம்பினார். மேனேஜர் மதுரையில் இருப்பதாகவும் சிஸ்டம் பெங்களூரில் இருப்பதாகவும் சொன்னார்களாம். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு குடும்ப அட்டை கொடுத்தார்கள். பெருக்கல் குறி ரெண்டு.

"என் பேரையும் எழுதிக் குடுத்துட்டு வந்தீகளோ?" என்றாள் மதினி. புரோட்டீன் டப்பாவில் அதற்குள் உளுந்து போட்டு வைத்திருந்தாள்.

மூன்றாம் முறைக்கு முன்னால் அந்த ஒப்பந்தத் தாளை நான் வாங்கி வாசித்தேன். எறும்புச் சாரை மாதிரி இங்கிலீஷ். விலக வேண்டுமானால் முப்பது நாளுக்கு முன் எழுத்தில் கொடுக்க வேண்டும்; கூடவே மருத்துவர் சான்று, இல்லையென்றால் 25 கிலோமீட்டருக்கு அப்பால் குடிபெயர்ந்ததற்கு அத்தாட்சி.

"எட்டயபுரத்துல வீடு பாத்துருவமா?" என்றார்.

"அது பதினஞ்சு கிலோமீட்டர்தான் அண்ணாச்சி. விளாத்திகுளம் போனாத்தான் கணக்குக்கு வரும்."

ஆறுதலுக்காக ஒரு சங்கதி சொன்னேன். அமெரிக்க ஜிம்களின் கணக்கை வைத்து ரெண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதிய ஆய்வு 2006-ல் வெளியானது. ஒரு தடவைக்குப் பத்து டாலர் என்று சீட்டு வாங்கிப் போயிருக்கலாம். மாதச் சந்தா கட்டியவர்களுக்கோ ஒரு தடவைக்குப் பதினேழு டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. கடைசியாகப் போன நாளுக்கும் ரத்து செய்த நாளுக்கும் நடுவில் சராசரியாக ரெண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி. "அங்கயும் நம்ம ஆளுகதானா!" என்று அண்ணாச்சி முகம் மலர்ந்தது. உடனே தன் கணக்கைப் போட்டார். ஏழு மாதம், 6,993 ரூபாய், பதினோரு நாள். ஒரு நாளைக்கு 635 ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்கெல்லாம் ஊர்க் கடலைமிட்டாயை வாங்கித் தின்றிருந்தால், ஜிம்முக்குப் போக ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

அவருடைய தாத்தா ஊரில் மந்தைக்கு முன்னால் ஒரு இளவட்டக்கல் கிடக்கிறது. தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டால் ஆம்பளை, முடியாவிட்டால் துண்டை உதறிக்கொண்டு போய்விடலாம். சேர்க்கைக் கட்டணம் இல்லை, விலகலுக்கு நோட்டீஸ் இல்லை. இப்போது பாதிக்கு மேல் மண்ணில் இறங்கிவிட்டது. மீதியில் ஆடு ஏறி நிற்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐயும் சொன்னேன். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்துக்கு அதில் தனியாகவே ஒரு வரையறை உண்டு. 1915-க்கு போன் போட்டுப் புகார் சொல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கேஸ் போட்டா அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும்லா?"

சரி, குறைந்தபட்சம் போனிலேயே ஆட்டோபேயை நிறுத்திவிடலாம், தாள் பாட்டுக்குத் தாள் கிடக்கட்டும், காசாவது நிற்கும் என்றேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லாமக் கொள்ளாம நிப்பாட்டுததா? கடன்காரன் கொல்லைப்பக்கமா ஓடுத மாதிரி! நேர்ல போயி, ஒரு காப்பி குடிச்சு, முறையாச் சொல்லிட்டுல்லா வரணும்?"

காப்பி குடிக்கப் போனால் என்ன ஆகும் என்பது மதினிக்குத் தெரியும். அன்று ராத்திரி அவர் தூங்கியதும் போனை எடுத்தாள். பின் நம்பர் அவள் பிறந்த வருஷம்தான். ரெண்டு நிமிஷத்தில் ஆட்டோபே ரத்து.

அதன் பிறகு அண்ணாச்சி அந்த ஜிம் இருக்கும் தெருவில் நடப்பதில்லை. பேங்குக்குப் போவதற்கு ரெண்டு தெரு சுற்றிப் போகிறார். காசு எடுத்தவன் கண்ணாடிக்குள் நிம்மதியாக நிற்கிறான், கொடுத்தவர் சந்து சந்தாக ஒளிகிறார். டீக்கடையில் மாஸ்டர் பையன் எதிர்ப்பட்டபோது, "முழங்காலு சரியானதும் வந்துருதேன் தம்பி" என்று இவர்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை சந்தைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஒரு கிடாயின் வாயைத் திறந்தார். "நல்ல ஆடு, நம்பி வாங்குங்க அண்ணாச்சி" என்றான் வியாபாரி. "உன்னைய எதுக்குல நம்பணும்? அது வாயே சொல்லுமே" என்று பல்லை எண்ணினார். தூக்கிப் பார்த்தார். முக்கல் முனகல் இல்லாமல் ஆடு நெஞ்சு வரை வந்தது. அந்தப் பதினோரு நாள் முழுக்க வீண் போகவில்லை போல. அரை மணி நேரம் பேசி நானூறு ரூபாய் குறைத்தார்.

சந்தை வாசலில் சுங்கம் வசூலிக்கிறவன் காசை வாங்கிக்கொண்டு ஒரு ரசீதைக் கிழித்து நீட்டினான். அண்ணாச்சி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆட்டைப் பிடித்து இழுத்தபடி நடந்தார்.