செல்லும் காசு, செல்லாக் காசு

ராஜபாளையத்தில் எங்கள் தாத்தா வைத்திருந்த பலசரக்குக் கடைக் கல்லாவில் காசுகள் பல தினுசாகக் கிடக்கும். ராஜா தலை ஒருபக்கம் ஒதுங்கியது, ஓரம் நறுக்கியது, எழுத்து பாதி விழாதது. எதையும் அவர் திருப்பித் தந்ததில்லை. "சர்க்கார் அடிச்சது செல்லாமப் போகுமாடா?" என்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் அரண்மனை கட்டிய காலத்தில் கதை இன்னும் தாராளம். செப்புத் துண்டை அச்சின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. அச்சு பெரிது, துண்டு சிறிது. சாமியின் தலை விழுந்தால் கால் விழாது. அச்சைக் கையால் வெட்டியதால் ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. ஜனங்கள் அதை வைத்துத்தான் உப்பும் புளியும் வாங்கினார்கள்.

இயந்திரம் வந்தபின் பிழையும் நாகரிகமடைந்தது. மூல அச்சை எஃகில் அழுத்தி வேலை அச்சு எடுப்பார்கள். அழுத்த அழுத்த எஃகு இறுகும். ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்காது. உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி அழுத்த வேண்டும். இரண்டாம் அழுத்தில் மயிரிழை திரும்பினால் எழுத்து இரட்டிக்கும். 1955-ல் அமெரிக்க ஒரு சென்ட் இரட்டைத் தேதியோடு வெளிவந்தது இப்படித்தான். இன்று அதன் விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

இப்போது கணினி செதுக்குகிறது. ஒரே அழுத்தில் அச்சு முடிந்துவிடுகிறது. அந்த இரட்டை எழுத்து அருகிவிட்டது.

அச்சு திருந்திவிட்டது. நாம்? சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பத்து ரூபாய்க் காசை நீட்டினேன். கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு பத்தா, பதினைந்தா? ரூபாய்ச் சின்னம் இருக்கிறதா? "இது செல்லாது அண்ணாச்சி, நோட்டாக் குடுங்க." அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லியாயிற்று. வங்கிக்குத் தெரிந்தது பஸ்ஸுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் அதற்குள் செல்போனை நீட்டினார். பழைய இரண்டு ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருவார்களாம். முதலில் கமிஷன் மட்டும் கட்ட வேண்டுமாம். இந்த மோசடியைப் பற்றியும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

அரைகுறைக் காசை நம்பி வாங்கிய ஊர், முழுக் காசைச் சந்தேகப்படுகிறது. முகம் தெரியாதவனை நம்புகிறது. பத்து ரூபாய்க் காசு செல்லும், வாங்குங்கள், கொடுங்கள். லட்சம் தருகிறேன் என்பவனுக்கு மட்டும் பத்து பைசாகூட அனுப்பாதீர்கள்.