வைரஸுக்கு அறிவில்லையா?

கேள்வி: குடியிருக்கும் உடம்பையே கொன்றால் வைரஸுக்கும் சாவுதானே? இந்த அறிவு கூடவா அதற்கு இல்லை?

பதில்: இல்லைதான், தேவையும் இல்லை. நீங்கள் பிழைப்பதா சாவதா என்பது அதன் கவலையல்ல. அதற்குள் அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தோமா என்பதே கணக்கு. இன்ஃபுளுயன்ஸா வைரஸ் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு மொட்டுப்போல் பிதுங்கி வெளிவரும். வாசலில் பிடித்திழுக்கும் சியாலிக் அமிலத்தை நியூராமினிடேஸ் என்ற நொதியால் வெட்டிவிட்டுக் கிளம்பும். அந்த நொதியை முடக்குவதுதான் ஓசல்டாமிவிர் மாத்திரையின் வேலை. வெளியே வந்தபின் ஒரு தும்மல் போதும். ரேபிஸோ இன்னும் கெட்டி: நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே நாயின் எச்சிலில் இறங்கிவிடும், பிறகு கடிக்கவும் வைக்கும். நாய் செத்தாலும் அதற்கு நட்டமில்லை.

‘நாளாக நாளாக வைரஸ் சாதுவாகிவிடும் என்கிறார்களே?’ என்பீர்கள். பாதி உண்மை. 1950இல் ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்கப் பரப்பிய மிக்சோமா வைரஸ், தொற்றிய முயல்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றது. சில ஆண்டுகளில் சற்றுத் தணிந்த வகைகள் மேலோங்கின. இரக்கத்தால் அல்ல; அதிக நாள் உயிரோடிருந்த முயலைத்தான் கொசு அதிக நாள் கடித்தது. அந்தத் தணிந்த வகைகளும் பாதிக்கு மேற்பட்ட முயல்களைக் கொன்றன. பெரியம்மையின் கொடிய வகை நூற்றுக்கு முப்பது பேர் என்ற கணக்கில் கொன்றும், நூற்றாண்டுகள் தாண்டிப் பரவியது. 1980இல் அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, வைரஸ் திருந்தியதால் அல்ல, தடுப்பூசி வழியடைத்ததால். ஆகவே வைரஸிடம் நல்ல புத்தியை எதிர்பார்க்காதீர்கள். அது நமக்கு இருந்தால் போதும்.