சின்னத் திருத்தமும் பெரிய முட்டுக்கட்டையும்

1993-இல் இயான் மர்டாக் தன் பெயரையும் காதலி டெப்ராவின் பெயரையும் ஒட்டவைத்து உருவாக்கிய ராஜ்யம் டெபியன்: தன்னார்வலர்கள் சேர்ந்து ஆக்கும் கட்டற்ற இயங்குதளம். அங்கே சம்பளம் கிடையாது. ஆகவே யாரும் யாரையும் அதட்ட முடியாது. “அடுத்த வெளியீடு எப்போது?” என்றால், “தயாரானதும்” என்பதுதான் அரசாங்க பதில்.

முட்டுக்கட்டை போடுவது மட்டும் சுலபம். யார் வேண்டுமானாலும் ஒரு மென்பொருள் பேக்கேஜின் மேல் புகார் எழுதி, வெளியீட்டைத் தடுக்கும் ‘கிரிட்டிகல்’, ‘கிரேவ்’, ‘சீரியஸ்’ என்ற மூன்று முத்திரைகளில் ஒன்றைக் குத்தலாம். “இதெல்லாம் ஒரு பிழையா?” என்று பேக்கேஜைப் பராமரிப்பவர் முத்திரையை இறக்கலாம். மல்லுக்கட்டு முற்றினால் கடைசி வார்த்தை ரிலீஸ் மேனேஜருடையது. “இந்தத் தடவை போகட்டும்” என்று ‘இக்னோர்’ சீட்டு ஒட்டுவார். இல்லையேல் பேக்கேஜையே வெளியே தள்ளுவார். “உட்கார்ந்து சரிசெய்” என்று உத்தரவு போட அவராலும் முடியாது.

2004 ஏப்ரலில், டெபியனின் அடிப்படை வாக்குறுதியான சமூக ஒப்பந்தத்தில் வெறும் எழுத்துத் திருத்தம் என்ற தலைப்பில் ஒரு வாக்கெடுப்பு ஜெயித்தது. ரிலீஸ் மேனேஜர் ஆன்டனி டவுன்ஸ் அதை வரிவரியாகப் படித்துத் தொலைத்தார். மென்பொருளுக்கு மட்டும் என்று பலரும் நினைத்திருந்த ‘கட்டற்றதாக இருக்க வேண்டும்’ என்ற விதி, இனி கையேடு, ஃபர்ம்வேர் எல்லாவற்றுக்கும்! “இதற்கு விலக்கு தர எனக்கு அதிகாரமில்லை” என்று கைவிரித்தார். கட்டற்றதல்லாத கையேடுகளோடு வெளிவரக் காத்திருந்த ‘சார்ஜ்’ பதிப்பு வாசலிலேயே நின்றது. “திருத்தம் சரிதான், ஆனால் சார்ஜ் வந்த பிறகு அமலாகட்டும்” என்று சொல்வதற்கு இன்னொரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2002 ஜூலையில் வந்த ‘வுடி’ பதிப்புக்கு அடுத்து, சார்ஜ் வந்தது 2005 ஜூன் 6-இல்.

2006-இல் அதே டவுன்ஸ் டெபியன் தலைவர். பட்ட அனுபவம் சும்மா விடுமா? நன்கொடை திரட்டி ரிலீஸ் மேனேஜர்கள் இருவருக்குச் சம்பளம் கொடுத்தால் டிசம்பர் 4-இல் அடுத்த பதிப்பான ‘எட்ச்’ வந்துவிடும் என்று ‘டங்க்-டேங்க்’ திட்டம் பிறந்தது. “நாங்கள் மட்டும் இளிச்சவாயர்களா?” என்று கொதித்த சிலர் ‘டங்க்-பேங்க்’ திறந்தார்கள். அதன் வேலை, வெளியீட்டைத் தடுக்கும் பிழைகளைத் தேடித்தேடிப் பிடிப்பது. கெடுக்கக் கிளம்பியவர்கள் தரப் பரிசோதனையை இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். எட்ச் 2007 ஏப்ரல் 8-இல் வந்து சேர்ந்தது.

ரிலீஸ் மேனேஜருக்கு டெபியனில் இரண்டே உரிமைகள்: பிழையை மன்னிப்பது, அதற்காகத் திட்டு வாங்குவது. சம்பளமும் வாங்கினால் இரண்டாவது உரிமை இரட்டிப்பாகும்.