மொட்டைமாடிக் காரியதரிசி

சென்னை மாநகரத்தில், நங்கநல்லூரிலிருந்து முகப்பேர் வரையில், எங்கெல்லாம் மூன்று மாடியும் ஒரு போர்வெல்லும் ஒரு வாட்ச்மேனும் ஒன்றுசேர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்பு என்ற பெயரை அடைகின்றனவோ, அங்கெல்லாம் அதன் அசோசியேஷனுக்கு ஒரு காரியதரிசி இருந்தே தீருவார். தலைவர் என்றும் ஒருவர் உண்டு; அவர் பெரும்பாலும் பெங்களூரில் மகள் வீட்டில் வாசம் செய்வார். பொக்கிஷதார் உண்டு, அவரிடம் பொக்கிஷம் இராது. ஆகையால் நிர்வாகம் முழுவதும் காரியதரிசியின் தலையில் வந்து விழுகிறது என்று அவர் சொல்லுவார். தலையை அவரேதான் நீட்டினார் என்று மற்றவர்கள் சொல்லுவார்கள்.

நான் சொல்லும் காரியதரிசி மத்திய சர்க்காரின் கணக்கு உத்தியோகம் ஒன்றில், பிறர் எழுதிய குறிப்புகளின்மேல் ஆட்சேபணை எழுதியே காலட்சேபம் செய்து ஓய்வு பெற்றவர். லிப்டு நின்றுபோனாலும், மோட்டார் எரிந்துபோனாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும் நம்மைப்போலவே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் சாதாரண மனிதர்தாம். ஆனால் மொட்டைமாடியைப் பற்றிய பிரஸ்தாபம் வந்துவிட்டால் அவர் விசுவரூபம் எடுப்பார். மாடிக்கதவின் சாவி அவருடைய வேஷ்டி மடிப்பில் இருக்கிறது. அங்கே வடாம் பிழியலாம், பாய் உலர்த்தலாம், மார்கழியில் பெரியவர்கள் நடை பழகலாம். டிஷ் ஆன்டெனா மாத்திரம் ஊன்றக் கூடாது.

அவருக்கு ஆன்டெனா ஜாதியின்மேல் ஜன்மப் பகை ஏதும் இல்லை. 1975-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியபோது அவர் பள்ளி மாணவர், பின்னர் வீட்டுக்கு டெலிவிஷன் பெட்டி வந்த காலத்தில், ஓட்டுக்கூரையின்மேல் ஏறி, கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்த அலுமினியக் குழாய்களைத் திருப்பித் திருப்பி, "இப்போ வர்றதா?" என்று கேட்டு, கீழேயிருந்து "போயிடுத்து!" என்ற பதிலைப் பெற்றே வளர்ந்தவர். அந்த யுகத்தில் பெட்டி வைத்திருப்பதற்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டவேண்டும். ஆனால் ஆன்டெனா ஊன்றுவதற்கு அண்டை வீட்டாரைக் கேட்கவேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தூத்துக்குடிக் கரையோரத்து மனிதர்கள், 1982-இல் கொழும்பில் ரூபவாஹினி தொடங்கியதும், கடல் கடந்து வரும் அந்தப் படத்தைப் பிடிப்பதற்காக, கோபுரத்துக்குப் போட்டியாகக் குழாயின்மேல் குழாய் கட்டி உயர்த்தினார்களே, யாருடைய பைலாவைப் பார்த்து உயர்த்தினார்கள்?

இதையெல்லாம் அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "அது சொந்த வீடு சார், இது ஃபிளாட்" என்று ஒரே வாக்கியத்தில் சரித்திரத்தை முடித்துவிட்டார். அதற்குமேல், 1997-ஆம் வருஷம் இந்திய சர்க்கார் இந்தச் சின்ன டிஷ்களுக்குரிய கேயு பாண்டு ஒளிபரப்பையே தடை செய்திருந்தது என்ற சங்கதியும் அவருக்கு மனப்பாடம். "சர்க்காரே வேண்டாம்னு சொன்ன வஸ்து" என்பார். தடையை நீக்கி 2001-இல் அந்தச் சர்க்காரே வழிமுறைகளை வகுத்து அனுமதி கொடுத்த பிற்பாதி மட்டும், கணக்கு இலாகாவில் அவருக்குப் பிடிக்காத கோப்புகள் போன இடத்துக்கே போய்விட்டது.

அனுமதி கேட்டு வருகிறவரிடம் அவர் முதலில் கூறும் உபாயம், "உங்க பால்கனி உங்க சொத்து, அங்கே வச்சுக்கோங்கோ, நான் குறுக்கே வரமாட்டேன்" என்பது. கேட்பதற்கு உபநிஷத வாக்கியமாகத்தான் இருக்கும். ஆனால் ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. சென்னையோ ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஆகவே இவ்வூரில் எந்த டிஷ்ஷும் தெற்கு வானத்தைப் பார்த்தே தீரவேண்டும். தூர்தர்ஷனின் இலவச ஒளிபரப்பு கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையிலிருந்து வருவதால், அதற்குத் தென்கிழக்கு, அதாவது சாட்சாத் அக்னி மூலை. இரண்டாம் மாடியில் வடக்குப் பார்த்த வீட்டில் இருக்கும் மாமி, வாஸ்து உத்தமம் என்று தரகர் சொன்னதை நம்பி அதை வாங்கியவர். குபேர திசையைப் பார்த்த அந்தப் பால்கனியில் டிஷ்ஷை எந்தக் கோணத்தில் வைத்தாலும், எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரியும்.

எனவே ஒரு நாள் காலையில், கையில் டிரில்லிங் மிஷினும் தோளில் கேபிள் சுருளுமாக ஒரு பையன் படியேறி வந்தான். மாடிக்கதவின் முன் காரியதரிசி நின்றார்.

"என்ன தம்பி அது?"

"டிஷ்ஷு சார். செகண்ட் ஃப்ளோர் மாமி வீட்டுக்கு."

"லெட்டர்?"

"கம்பெனில லெட்டர்லாம் குடுக்கலியே சார்."

"கம்பெனி எதுக்குக் குடுக்கணும்? நான் குடுக்கணும்."

சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து டிஷ்ஷைக் குறுக்கே அளந்தார்; நெடுக்கே அளந்தார்; 60 சென்டிமீட்டர் என்று டைரியில் குறித்தார். பையன் தாழ்ந்த குரலில், "நாலே நாலு போல்ட்டுதான் சார், பத்து நிமிஷ வேலை" என்றான்.

"நாலு போல்ட்டுன்னா நாலு ஓட்டை. ஐப்பசில மழை பெஞ்சா நீயா வந்து பாத்திரம் வைக்கப்போறே?"

இங்கே அவரைப் பரிகாசம் செய்வதை நான் சற்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் நம் மொட்டைமாடியின் அங்க லட்சணத்தை அவரைப் போல் அறிந்தவர்கள் அபூர்வம். கான்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கட்டையால் நாட்கணக்கில் அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்து, சந்துகளைப் பூசி, நீர் வடியும்படி வாட்டம் கொடுத்து முடித்த தளம், துளைபடாதவரையில் பல வருஷம் தாங்கும். ஒரு போல்ட்டு உள்ளே இறங்கி, சித்திரை வெயிலில் காய்ந்து, ஆடிக் காற்றில் டிஷ் ஆடும்போது தானும் ஆடித் தளர்ந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழையின் நீர் அந்த வழியே நுழைந்துவிடும். நுழைந்தது நேரே கீழே இறங்கினாலாவது கண்டுபிடிக்கலாம். அது கல்யாண வீட்டில் வாசலில் நுழைந்து பந்தியில் தலைகாட்டும் அழையா விருந்தாளியைப் போல, ஜல்லிக்குள்ளேயே சஞ்சரித்து, துளைக்குப் பல அடி தள்ளி, ஒரு நிரபராதியின் படுக்கையறை மூலையில் பிரத்தியட்சமாகும். எங்கள் கட்டடத்தில் அந்தப் படுக்கையறை காரியதரிசியினுடையது. மூன்றாம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே அவர் குடியிருக்கிறார். பொது நன்மையும் சொந்த விதானமும் ஒரே மட்டத்தில் அமைவது எல்லோருக்கும் கிட்டும் பாக்கியமா?

துளையே போடாமல், கம்பிச் சட்டத்தின்மேல் சிமெண்டுக் கல்லைப் பாரமாக ஏற்றி நிறுத்தலாமே என்று பையன் யோசனை சொன்னான். காரியதரிசி அவனைப் பரிதாபமாகப் பார்த்து, "2016 டிசம்பர் 12-ஆம் தேதி நீ எங்கே இருந்தே?" என்று கேட்டார். வர்தா புயலன்று எந்த டிஷ் எந்த வீட்டுக் கண்ணாடியை நாடிச் சென்றது என்ற வரலாறு முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கு அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

மாமி சும்மா இருப்பவரல்லர். நியூஜெர்ஸியிலிருக்கும் புத்திர சிகாமணிக்குச் சொல்ல, அவன் அமெரிக்க தகவல்தொடர்பு ஆணையம் 1996-இல் பிறப்பித்த விதியை அனுப்பிவைத்தான். ஒரு மீட்டருக்கு மேற்படாத டிஷ்ஷை வீட்டுக்காரர் வைத்துக்கொள்வதை எந்தக் குடியிருப்போர் சங்கமும் தடுக்கவோ, நியாயமின்றித் தாமதப்படுத்தவோ, செலவை ஏற்றிவிடவோ கூடாது என்கிறது அது. அமெரிக்க விதி எங்கள் ஆதம்பாக்கத்தில் செல்லுமா என்ற சந்தேகம் ஒருவருக்கும் எழவில்லை. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மிக்சரும் காபியும் வழங்கி நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மாமி அதை வாசித்தபோது, பிறந்த கரகோஷத்தைக் கேட்டுத் தலைவர்கூடப் பெங்களூரிலிருந்து வீடியோவில் தலையை ஆட்டினார்.

காரியதரிசி காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில், சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். அந்த விதியின் பாதுகாப்பெல்லாம் ஒருவருடைய பிரத்தியேக உபயோகத்திலோ ஆதிக்கத்திலோ உள்ள இடத்துக்குத்தான். எல்லோருக்கும் பொதுவான கூரைக்கு அது பொருந்தாது. நம் ராஜ்யத்திலும் 1994-ஆம் வருஷத்து அடுக்குமாடிச் சட்டம் கூரையைப் பொதுப் பகுதியில்தான் சேர்த்திருந்தது. கீழே பச்சை மையில், "அமெரிக்காவும் நம்ம பக்கமே" என்று ஒரு குறிப்பு. எந்தத் தஸ்தாவேஜையும் கடைசிப் பக்கம் வரையில் படிப்பவனை எதிர்ப்பது எவ்வளவு அபாயம் என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

ஆயினும், கிரிக்கெட்டுப் பந்தயம் ஒன்று நெருங்கியபோது அவரே மனமிரங்கி, தளத்தைத் தொடாமல் தென்கிழக்குக் கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் மாத்திரம் டிஷ்களை முடுக்கிக்கொள்ளலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் வீட்டு எண் எழுதப்பட்டது. கேபிள் டக்ட்டின் வழியாகவே இறங்கவேண்டும். மழை பெய்யும்போது ஒருவரும் மாடிக்கு வரக் கூடாது. பலத்த மழை கேயு பாண்டு அலைவரிசையையே விழுங்கிவிடும் என்பதால், சீரியல் நின்றுபோன ஆத்திரத்தில் மேலே ஓடி டிஷ்ஷை அசைப்பதில் பயன் இல்லை; இந்தப் பௌதிகத்தை அறியாமலே அவர் போட்ட அந்த விதி ஒன்றுதான் சாஸ்திரோக்தமானது.

இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்டது. குடக்கூலிக்கு இருந்தவர்கள் விட்டுச் சென்றவையும், சந்தா கட்டாதவையுமாக அக்னி மூலையில் வரிசையாக நிற்கும் டிஷ்களில் பாதிக்கு மேல் எதையும் பிடிப்பதில்லை. இளைஞர்கள் சிலர் அவற்றைக் கழற்றிக் காயலான்கடைக்குப் போடலாம் என்று மனுக் கொடுத்தார்கள். காரியதரிசி சுவரைப் பரிசோதித்துவிட்டு வந்து மறுத்துவிட்டார்.

"கழட்டினா ஒவ்வொண்ணுக்கும் நாலு ஓட்டை. போல்ட்டு இருக்கறதால்தான் தண்ணி உள்ளே போகாம இருக்கு."

ஆகவே வருஷந்தோறும் ஐப்பசிக்கு முன் அவற்றுக்குத் துருநீக்கிக் கறுப்பு பெயிண்டு அடிக்கப்படுகிறது. வரவு செலவுக் கணக்கில் 'ஆன்டெனா பராமரிப்பு' என்று ஒரு புதிய தலைப்பும் முளைத்திருக்கிறது. முதல் மாடியில் புதிதாகக் குடிவந்த பையன், தன் வீட்டில் டெலிவிஷனே இல்லையே, தானும் கட்டவேண்டுமா என்று கேட்டான்.

"தாராளமாக் கட்டணும் தம்பி" என்றார் காரியதரிசி. "பொதுச் சொத்தாச்சே."