மூன்று படி அரிசியும் ஒரு தட்டுச் சோறும்

கேள்வி: உணவும் விவசாயமும் எப்போதுதான் சார் தேசிய அரசியலின் முதல் பிரச்சினை ஆகும்?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: நம் ஊரில் ஒருமுறை ஆகியிருக்கிறது. 1967-இல் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார், ஆட்சியே மாறியது. (கிடைத்தது ஒரு படிதான், அதுவும் முதலில் சென்னை, கோவையில் மட்டும்.) வேடிக்கை என்னவென்றால், முந்தைய ஆண்டுதான் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்கிப் பசுமைப் புரட்சிக்கு வழிபோட்டிருந்தார் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். அதே தேர்தலில் அவர் கோபிச்செட்டிப்பாளையத்தில் தோற்றார்! விதை முளைக்க நாளாகும். ரேஷன் கடை வரிசை அன்றைக்கே கண்ணில் படும். கட்சிகள் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டன: அரிசிக்கு மேடை உண்டு, மண்ணுக்கு இல்லை.

மண்ணுக்கு மட்டுமல்ல, கடலுக்கும் மேடை இல்லை. உங்கள் பக்கத்து எண்ணூரையே பாருங்கள். 2023 டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பமே தெருவுக்கு ஓடிவந்தது. அதே மாத வெள்ளத்தில் முகத்துவாரம் முழுக்க எண்ணெய். உரத்துக்கு ஓர் அமைச்சகம், கசிவுக்கு ஒரு வாரியம், மீனுக்கு இன்னொரு துறை. காசிமேட்டில் மீன் வாங்கிக் குழம்பு வைப்பவருக்கோ எல்லாம் ஒரே தட்டில்தான் வந்து விழுகிறது. அந்தத் தட்டைக் காட்டி ஓட்டுக் கேட்டு யாராவது உங்கள் தெருவுக்கு வந்தால் உடனே எழுதுங்கள். வஞ்சிரம் என் செலவு.